முதுமலைக்கு அப்பத்தாவைக் கூட்டிப் போகலாமா?

தம்பி, காரைக்குடியிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்வி. மே விடுமுறையில் வீட்டார் ஒன்பது பேர் வேன் பிடித்து இரண்டு நாள் முதுமலை போகிறீர்கள், புலி பார்க்க முடியுமா? மசினகுடியில் ஒருவர் ராத்திரி ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப் போகிறேன் என்கிறாராம், நம்பிப் போகலாமா? மூட்டு வலி உள்ள 74 வயது அப்பத்தாவுக்கும் ஆறு, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கும் அந்த இடம் ஒத்துவருமா? மூன்றையும் படித்துப் பார்த்ததில், நீங்கள் உண்மையாகக் கேட்பது கடைசிக் கேள்வி மட்டும்தான் என்று எனக்குப் படுகிறது. போன ஒன்பது பேரும் நல்லபடியாக வீடு திரும்புவோமா என்பதுதான் அது. அதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வனவராக வேலையில் சேர்ந்து வனச்சரகராக ஓய்வு பெற்றவன். பிறந்தது தேவகோட்டைப் பக்கம், இப்போது இருப்பது புதுவயலில். வேலைக் காலத்தில் பதினோரு வருடம் நீலகிரியில் ஓடியது. அதில் பெரும்பகுதி முதுமலைச் சவாரி புறப்படும் தெப்பக்காட்டிலும், மசினகுடி இருக்கும் சீகூர்ப் பக்கத்திலும். காட்டு விலங்கு என்ன செய்யும், கூட்டமாக வரும் குடும்பம் என்ன செய்யும் என்பது எனக்குப் பழக்கத்தில் தெரியும். கட்டணம், சவாரி நேரம் போன்றவை நான் வெளியே வந்த பிறகு எத்தனையோ முறை மாறியிருக்கும். அதற்கு என் வார்த்தையை எடுத்துக்கொள்ளாமல், புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

நேர் பதில்: அப்பத்தாவைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். வனத்துறை வேனுக்குள் உட்கார்ந்திருந்த யாருக்கும் விலங்கால் ஆபத்து வந்து நான் பார்த்ததில்லை. நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை மலைப்பாதையில் நடந்தவை. மீதி, சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி ‘அஞ்சே நிமிஷம்’ என்று இறங்கியபோதும், இருட்டிய பிறகு விடுதிக்கு வெளியே உலாத்தியபோதும் நடந்தவை. இவை எல்லாமே உங்கள் கையில் இருப்பவை.

பாதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் தவறு செய்வது இங்கேதான். காரைக்குடியிலிருந்து எந்த வழியாகப் போனாலும் தெப்பக்காடு 400 கிலோமீட்டருக்குக் குறையாது. திருச்சி, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர் என்று போனால் இன்னும் கூடும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு வேன் ஏறினால் விடியும்போது மலையில் இருக்கலாம் என்று கணக்குப் போடுவீர்கள். அந்தக் கணக்கில் ஓட்டுநரின் தூக்கம் இல்லை. சமவெளியில் ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு, கண் சொக்கும் அதிகாலையில் கொண்டை ஊசி வளைவில் ஏறுகிறவரை நினைத்துப் பாருங்கள். காலையில் புறப்படுங்கள், மேட்டுப்பாளையத்தில் தங்குங்கள், மறுநாள் வெளிச்சத்தில் மலை ஏறுங்கள். ஓட்டுநருக்கும் ஒரு அறை போடுங்கள். வேனுக்குள்ளேயே படுத்துக்கொள்வார் என்று விடாதீர்கள். இரண்டு நாள் பயணம் நான்கு நாளாகும். விடுமுறை அதற்கு இடம் கொடுக்காது என்றால், இந்த வருடம் வேறு ஊருக்குப் போவதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கக் கல்லட்டி மலைப்பாதை என்று ஒரு குறுக்கு வழி உண்டு. 36 கொண்டை ஊசி வளைவு. தெப்பக்காட்டுக்கே முப்பத்தைந்து நாற்பது கிலோமீட்டரில் போய்விடலாம் என்று கைப்பேசி வரைபடம் ஆசை காட்டும். ஒன்பது பேரும் மூட்டை முடிச்சுமாக இருக்கிற வேன் அந்தச் சரிவில் இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடாமல் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்புவதற்குக் காரணம் அதுதான். அங்கே வாதாடாமல் கூடலூர் வழியாகவே போங்கள். தூரம் ஏறக்குறைய இரட்டிப்பு, ஆனால் பாதை அகலம். இன்னொன்று, நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் அதற்கு வரம்பும் வைத்தார்கள், வேலை நாளில் 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000. அதனால் தேதி முடிவானதும் முதல் வேலையாக இ-பாஸ் எடுத்துவிடுங்கள். சனி ஞாயிறைத் தவிர்த்துச் செவ்வாய், புதன் என்று வைத்துக்கொண்டால் காட்டுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

இப்போது ராத்திரி ஜீப். போகவே போகாதீர்கள். இதில் எனக்கு ஐயமே இல்லை. முதுமலையில் இரவுச் சவாரி என்று வனத்துறை எதையும் நடத்துவதில்லை. அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைவது 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் ஜீப்காரர் மட்டுமல்ல, உள்ளே உட்கார்ந்திருக்கும் நீங்களும் பதில் சொல்ல வேண்டும். கூடலூரிலிருந்து பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் பெருஞ்சாலையையே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிவைத்திருக்கிறார்கள். அந்த ஒன்பது மணி நேரம் விலங்குகளுக்கு என்று ஒதுக்கியது. அந்த நேரத்தில் விளக்கைக் கண்ணில் அடித்துக்கொண்டு ஒரு வண்டி பின்னாலேயே துரத்தினால், குட்டியோடு நிற்கும் யானை என்ன செய்யும்? தண்ணீர் குடிக்க மோயாற்றுக்கு இறங்கி வந்த மான் குடிக்காமலே திரும்பிப் போகும். அந்த ஜீப்காரரும் பிழைப்புக்காகத்தான் செய்கிறார், அதை மறுக்கவில்லை. அவரிடம் பகலில் மசினகுடி ஊருக்குள்ளும் பொதுச் சாலையிலும் சுற்றிக் காட்டச் சொல்லி அதே பணத்தைக் கொடுங்கள். வனத்துறையின் சவாரி தெப்பக்காட்டிலிருந்து காலையிலும் பிற்பகலிலும் புறப்படும். உங்கள் சொந்த வண்டியைச் சவாரிப் பாதையில் விடமாட்டார்கள்.

புலியைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது, அது அங்கே இருக்கிறது என்பது மட்டும். 2022 கணக்கெடுப்பில் முதுமலைக் காப்பகத்துக்குள் 114 புலிகள் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் நீங்கள் போகும் அந்த ஒரு மணி நேரத்தில், அந்த ஒரு பாதையில் அது வருமா என்பதை யாரும் சொல்ல முடியாது. சொல்கிறவர் உங்களை ஏமாற்றுகிறார். அங்கேயே வேலை பார்த்த எனக்கு மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருந்ததுண்டு, மண்ணில் கால் தடம் மட்டும் தினம் கிடைக்கும். பிள்ளைகளிடம் புலி, புலி என்று சொல்லிக் கூட்டிப் போனால் ஏமாந்து திரும்புவார்கள். புள்ளிமான் கூட்டம், மயில், கடமான், காட்டுமாடு, யானை, அதிர்ஷ்டம் இருந்தால் செந்நாய் என்று சொல்லிவையுங்கள். மந்தி ஒன்று மரத்தில் திடீரென்று இருமுவதுபோலக் கத்தினால், மான்கள் ஒரே பக்கம் பார்த்து உறைந்து நின்றால், அந்தப் பக்கம் ஏதோ ஒரு பெரிய விலங்கு நடமாடுகிறது என்று சொல்லிக் கொடுங்கள். பதினொரு வயதுப் பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும். கண்ணில் படாத விலங்கைக் காதால் தேடிய பிள்ளை அந்தக் காட்டை மறக்காது. காலையில் சவாரி முடிந்ததும் தெப்பக்காடு யானை முகாமில் யானைகளுக்குக் கேழ்வரகு, கொள்ளு, வெல்லம் போட்டுப் பிசைந்த உருண்டை கொடுப்பதையும் பார்க்கலாம். அந்த முகாமுக்கு வயது நூறுக்கும் மேல். அப்பத்தாவுக்குப் பிடிக்கப்போவது அதுதான் என்று நினைக்கிறேன்.

மே மாதம் எப்படி இருக்கும் என்பதில் பாதி உறுதி, பாதி வானத்தின் கையில். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இலை உதிர்ந்து காடு காய்ந்து கிடக்கும். விலங்கு பார்வைக்குத் தெரியும், ஆனால் தீப்பிடிக்கும் காலம் என்பதால் சில வருடம் சவாரியையே நிறுத்திவிடுவார்கள். மே மாதத்தில் கோடை மழை இரண்டு விழுந்துவிட்டால் புல் எழும்பி, தீப் பயம் குறையும். மழை பிந்தினால் காடு காய்ந்தேதான் கிடக்கும். தீயைப் பற்றிச் சொல்லும்போது குரங்கணியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்ட மலையில் நடைப்பயணம் போன கூட்டம் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். காய்ந்த காட்டில் தீ மிக வேகமாக மேட்டில் ஏறும். உங்கள் வேனில் பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர் யார் இருந்தாலும், கூடலூர் தாண்டினால் தீப்பெட்டியை வாங்கி அப்பத்தாவிடம் கொடுத்துவிடுங்கள். அவரிடம் கேட்டு வாங்க யாருக்கும் துணிவு வராது.

காட்டுச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி இறங்கவே கூடாது. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெப்பக்காட்டுக்கும் மசினகுடிக்கும் நடுவே ரோந்து போய்க்கொண்டிருந்தேன். சாலையோரத்தில் ஒரு குடும்பம் ஜமுக்காளம் விரித்துத் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தது. எழுப்பிவிடத்தான் போனேன். பேச்சைக் கேட்டதும் நம் பக்கத்து ஆட்கள் என்று தெரிந்தது. எத்தனையோ மாதம் கழித்துக் காதில் விழுந்த நம் ஊர்ப் பேச்சு, எனக்கும் ஒரு இலையில் புளியோதரை வைத்துக் கொடுத்தார்கள். சட்டத்தை எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. சீக்கிரம் சாப்பிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டு நானும் நின்றுகொண்டிருந்தேன். உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு மக்னா வந்தது, தந்தமில்லாத ஆண் யானை. அதற்குச் சோற்று வாசம் பழக்கமாகியிருந்தது. அவ்வளவு பெரிய உடம்பு வந்து நிற்கிறது, ஒரு சுள்ளி உடையும் சத்தம் கேட்கவில்லை. மற்றவர்கள் ஓடி வேனில் ஏறிவிட்டார்கள். கூட வந்த வயதான அம்மாளால் ஓட முடியவில்லை. எழுந்தவர் விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. யானை அவரைத் தொடவே இல்லை, சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அது என் தவறு. அந்த இலையை நான் வாங்கியிருக்கக்கூடாது. உங்கள் கேள்வியில் அப்பத்தாவுக்கு மூட்டு வலி என்று படித்ததும் அந்த அம்மாளின் முகம்தான் வந்தது.

ஆகவே சாப்பாட்டை விடுதியிலோ ஊட்டியிலோ கூடலூரிலோ முடித்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் பயணம் என்றாலே சீப்புச் சீடை, தேன்குழல், மாவுருண்டை டின் நிறைய ஏறும். கொண்டுபோங்கள், ஆனால் காட்டுச் சாலையில் திறக்கவேண்டாம். அழகர்கோயிலில் குரங்குக்குப் பழம் கொடுத்துப் பழகிய கை, மலைப்பாதையில் குரங்கைப் பார்த்தால் சும்மா இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். புண்ணியம் என்று நினைத்துக் கொடுக்கிறோம். வண்டியிலிருந்து தின்பண்டம் விழும் என்று கற்றுக்கொண்ட குரங்கு சாலையை விட்டுப் போகாது, சக்கரத்தில் அடிபட்டுச் சாகும், அடுத்து வரும் குடும்பத்தின் பிள்ளையைக் கடிக்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு மருத்துவமனை போக வேண்டும். பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாடு முழுக்கவே 2019 ஜனவரியிலிருந்து தடை, நீலகிரியில் தண்ணீர் பாட்டிலுக்கும் கெடுபிடி உண்டு. செத்துக் கிடந்த ஒரு புள்ளிமானின் வயிற்றை மருத்துவர் அறுத்தபோது பக்கத்தில் நின்றிருக்கிறேன். உப்புக்காக நக்கித் தின்ற சிப்ஸ் உறைகள் பந்தாகச் சுருண்டு கிடந்தன. எவர்சில்வர் சொம்பும் மஞ்சள் பையும் போதும்.

போகிற வழியில் யானை சாலையில் நின்றால் வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், விளக்கைச் சிமிட்ட வேண்டாம், முந்த வேண்டாம். காதை விரித்து அசையாமல் உங்களையே பார்த்தால் அது சொல்கிற முதல் எச்சரிக்கை அது, மெல்லப் பின்னால் போங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து கன்னத்தில் ஈரக்கோடு வழிந்தால் மதம் பிடித்த ஆண் யானை, அதனிடம் எந்தக் கணக்கும் செல்லாது. காட்டுமாட்டைப் பற்றி உங்கள் வீட்டு இளவட்டங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சிறாவயல் மஞ்சுவிரட்டில் மாட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சாதுவாக நிற்பதைக் கண்டால் கிட்டே போய்ப் படம் எடுக்கத் தோன்றும். அது வீட்டு மாட்டைப் போல இரண்டு பங்கு எடை. கயிற்றையோ மனிதக் கையையோ அறியாதது. தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் உடம்பைக் காட்டினால் விலகிப் போ என்று அர்த்தம்.

தங்கும் இடத்தை விலையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமி யானைகள் காலகாலமாக நடக்கும் வழித்தடம். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்தது. அந்த வழித்தடத்தில் எழும்பிய விடுதிகளால் யானைக்கும் மனிதனுக்கும் வந்த வினை கொஞ்சமல்ல. 2021 ஜனவரியில் மசினகுடியில் தங்குமிடப் பக்கம் வந்த ஒரு ஆண் யானை மீது எரியும் டயரை எறிந்தார்கள். காது வெந்த அந்த யானை தெப்பக்காட்டுக்குச் சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியில் செத்தது. ‘ஜன்னலிலிருந்தே யானை பார்க்கலாம், ராத்திரி நெருப்பு மூட்டி ஆட்டம் பாட்டு உண்டு’ என்று விளம்பரம் செய்கிற இடத்துக்கு உங்கள் பணம் போகவேண்டாம். வனத்துறையின் ஓய்வு விடுதிகளை இணையத்தில் முன்பதிவு செய்யலாம். மே மாதத்தில் கிடைப்பது கடினம். கிடைக்கவில்லை என்றால் கூடலூர் ஊருக்குள் தங்கிவிட்டுக் காலையில் தெப்பக்காடு போங்கள், பதினெட்டு கிலோமீட்டர்தான். எங்கே தங்கினாலும் ஆறரை மணிக்கு மேல் வளாகத்தை விட்டு வெளியே நடக்கவேண்டாம். அந்தக் காட்டில் விலங்கால் உயிரை விடுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே மாடு மேய்க்கும், தேயிலைத் தோட்டத்துக்கு நடந்து போகும் உள்ளூர்க்காரர்கள். 2021 அக்டோபரில் டி23 என்ற புலியை மயக்க ஊசி போட்டுப் பிடிக்கும்வரை அந்த ஊர்கள் பட்டபாடு பெரிது. நாம் சோறு போட்டு, விளக்கடித்துப் பழக்கிவிட்ட விலங்கு, நாம் ஊர் திரும்பிய பிறகு அவர்கள் வாசலில்தான் நிற்கும்.

வேனில் பாட்டுப் பெட்டியை நிறுத்தச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுருங்கும். அவர்களுக்கு வேட்டங்குடியைச் சொல்லுங்கள். திருப்பத்தூருக்குப் பக்கத்தில், நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. 1977 முதல் பறவைகள் சரணாலயம். கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயில் நாரையும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டியிருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளால் வருடா வருடம் தீபாவளியில் முடிகிறது, உங்கள் வீட்டுப் பிள்ளைகளால் ஒரு மணி நேரம் முடியாதா? நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ஒரு ஞாயிறு அங்கே கூட்டிப் போய்ப் பேசாமல் நின்று பார்க்கப் பழக்கிவிட்டு, முதுமலையை அடுத்த மே மாதத்துக்கு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இது ஆலோசனைதான், கட்டாயமில்லை.

உடம்பு விஷயத்தில் நான் மருத்துவன் அல்ல. அப்பத்தாவுக்கு இருதயமோ மூச்சிரைப்போ இருந்தால், 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டி வழியாகப் போவதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தெப்பக்காடு அவ்வளவு உயரமில்லை, ஆனால் நான் சொன்ன வழியில் ஊட்டியைக் கடந்துதான் போகவேண்டும். மாத்திரைகளை நான்கு நாளுக்குப் பதில் ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் கைப்பேசி சிக்னல் பல இடத்தில் இருக்காது. அவசரம் என்றால் கூடலூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது, பெரிய சிகிச்சைக்கு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புல்லில் உட்கார்ந்து எழுந்தால் உண்ணி ஏறும், பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டை போட்டு, ராத்திரி குளிக்கும்போது அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் தடவிப் பாருங்கள். ஊர் திரும்பிய இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய்வந்தோம் என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வனத்துறை வேனின் முதல் படி உயரமாக இருக்கும், மூட்டு வலிக்காரர் அதில் கால் தூக்கி வைக்கச் சிரமப்படுவார். வீட்டில் குட்டை முக்காலி ஒன்று இருக்குமே, அதை வேனில் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் கீழே நின்று முக்காலியைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் மேலேயிருந்து கை கொடுங்கள். சவாரிச் சீட்டு வாங்கும்போதே அப்பத்தாவின் வயதைச் சொல்லி முன் வரிசையில் இடம் கேளுங்கள், பின் இருக்கையில் குலுக்கல் தாங்காது.